அத்தியாயம் 4: பின்வளவில் ஓர் உலை

இரும்படிக்கப் பழக ஆசைப்படுகிற அநேகருக்கு மனதில் இருப்பது ஒரு கத்தி. அந்த ஆசையைக் கொஞ்சக் காலம் ஒத்திவையுங்கள். கத்திக்கு நீட்டுதல், சரிவெடுத்தல், தோய்ச்சல், பதம், சாணை எல்லாம் ஒருசேரக் கைவர வேண்டும். ஒன்று பிசகினாலும் முழு உழைப்பும் பழைய இரும்புக் குவியலுக்குத்தான். சுவரில் அடிக்கும் கொக்கி அப்படியல்ல. மென்னிரும்பு பிழை பொறுக்கும். கோணினால் மறுபடி காய்ச்சி நிமிர்த்தலாம்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் அலவத்துகொடைப் பக்கத்து ஒரு சாதாரண வீட்டின் பின்வளவில் உலை அமைக்கிறோம், அதில் ஒரு கொக்கி அடிக்கிறோம். முடிவில், கொக்கிகள் பல அடித்துக் கை பழகியவர்களுக்காக ஸ்பிரிங் உருக்கில் ஒரு வெட்டிரும்பு. சுத்தியலைவிட நெருப்புக்கே அதிக பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். சுத்தியல் பிடி அடிக்க அடிக்க வந்துவிடும். நெருப்பை யாராவது சொல்லித்தர வேண்டும்.

இடம் பார்த்தல்

இங்கே ஏ9 வீதியின் இருபுறமும் வீடுகள் சரிவை வெட்டிக் கட்டப்பட்டவை. பின்வளவு என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மண் அணை, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒரு கீற்று நிலம். அது போதும். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் தகரக் கூரை, குறைந்தது இரண்டு பக்கம் முழுத் திறப்பு. வாகனம் நிறுத்தும் அறையில், கதவைப் பாதி திறந்துவைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். கூடாது. எரியும் கரி காபனோரொட்சைட்டு என்ற வாயுவை விடுகிறது. அதற்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, கிறக்கம் வந்தபிறகுதான் தெரியும். அப்போது எழுந்து நடக்கக் கால் வராமல் போகலாம்.

கூரை மழைக்கு மட்டுமல்ல, நிழலுக்கும்தான். சூட்டை நிறம் பார்த்தே அறிய வேண்டும். வெயிலில் செம்மஞ்சளாகக் காய்ந்த இரும்புகூட மங்கலாகத் தெரியும். போதாது என்று நினைத்து மேலும் காய்ச்சி எரித்துவிடுவீர்கள்.

விறகுக் குவியல், எரிவாயு சிலிண்டர், காய்ந்த மிளகுக் கொடி, தென்னோலை எல்லாம் குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். தரை மண்ணாக இருப்பது நல்லது. சீமெந்துத் தரை என்றால் மணல் பரப்புங்கள்; காய்ந்த இரும்பு விழுந்தால் சீமெந்து தெறிக்கும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவயில், ஆயிரம் வருடங்களுக்கு முன் இரும்பு உருக்கியவர்கள் மேற்குப் பார்த்த மலைச்சரிவில் உலை கட்டி, தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கிக்கொண்டார்கள். தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அந்த உலைகளைத் தோண்டி ஆராய்ந்து, அதே மாதிரி ஒன்றைக் கட்டி உருக்கியும் காட்டினார். அந்த ஆய்வு 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அது கல்லிலிருந்து இரும்பு எடுக்கும் பெரிய வேலை. நமக்கு வேண்டியது நேர்மாறு. வெளிக்காற்று நம் சின்ன நெருப்பை அலைக்கழித்துப் பொறியை வீட்டுப் பக்கம் கொண்டுபோகும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் மறைத்துவிடுங்கள். உலைக்குக் காற்று குழாய் வழியாக, நீங்கள் திறந்த அளவுக்கு மட்டும் வரட்டும்.

அயலாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டடைச் சத்தம் சரிவில் மேலும் கீழும் நாலு வீடு தாண்டிக் கேட்கும். பாங்கு சொல்லும் நேரம், பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாதம், இரவு எட்டுக்குப் பிறகு: இந்த மூன்றையும் தவிர்த்தால் பெரும்பாலும் முறைப்பாடு வராது. செய்ததை விற்கத் தொடங்கினால் அது பொழுதுபோக்கு அல்ல, தொழில். அனுமதிகளைப் பிரதேச சபையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உலை அமைத்தல்

லொறியின் பழைய பிரேக் டிரம் ஒன்று போதும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளை வரை வீதியோரக் கராஜ்களில் கேட்டால் தேய்ந்த டிரம் எங்காவது கிடக்கும். கராஜ் பாஸிடம் எதற்கென்று சொல்லிக் கேளுங்கள். எடைக்குப் போடுகிற விலையில் தருவார், கூடவே நாலு யோசனையும் சொல்வார்.

1. டிரம்மை இடுப்பு உயரத்தில் இரும்புக் கோணச் சட்டத்தில் உட்கார வையுங்கள். மரச் சட்டம் வேண்டாம்.

2. நடு ஓட்டைக்கு மேல் ஆறு மில்லிமீற்றர் தகடு ஒன்றை வைத்து, அதில் எட்டு மில்லிமீற்றர் துளை ஐந்தாறு போடுங்கள். கரி விழாது, காற்று வரும்.

3. அடியில் இரண்டு அங்குலக் கறுப்பு இரும்புக் குழாயை ‘டீ’ வடிவில் பொருத்துங்கள். பக்கக் கிளை காற்றுக்கு. கீழ்க்கிளை சாம்பல் விழ. அதற்குத் திறந்து மூடும் மூடி வேண்டும். நாகம் பூசிய ஜீ.ஐ. குழாய் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

4. காற்றுக் குழாய் இரண்டடிக்குக் குறையாமல் நீளட்டும். அதன் நுனியில் ஊதி. கையால் சுற்றும் ஊதி கிடைத்தால் அதுவே முதல் தெரிவு: கை நின்றால் காற்றும் நிற்கும், கரி வீணாகாது. பழைய ஹெயார் ட்ரையரும் உதவும். சூடாக்காமல் குளிர்காற்றில் வையுங்கள். எஸ்லோன் குழாயை உலைக்கு அருகில் கொண்டுவராதீர்கள், உருகும்.

5. புற்றுமண், மணல், சலித்த சாம்பல் மூன்றையும் பிசைந்து டிரம்மின் உட்புறம் மூன்று சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பூசுங்கள்; நடுவை நோக்கிச் சரியும் கிண்ணம்போல் அமையட்டும்.

6. நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். கண்டிப் பக்கத்து ஈரக் காற்றில் மழைக்காலமென்றால் இரண்டு வாரம். பிறகு சுள்ளி போட்டுச் சின்ன நெருப்பாக இரண்டு மூன்று முறை மூட்டுங்கள்.

ஈரப் பூச்சில் முழு நெருப்பு மூட்டினால் உள்ளே அடைபட்ட நீராவி பூச்சைக் கட்டியாகப் பெயர்த்தெறியும். ஆற்றுக் கல்லும் சீமெந்து பிளாக் கல்லும் அப்படித்தான் வெடிக்கும். உலைக்குள்ளோ அதன் விளிம்பிலோ வைக்காதீர்கள்.

கரி

சிரட்டைக் கரிதான் நம்மிடம் எளிதில் கிடைக்கும் நல்ல எரிபொருள். அடர்த்தியானது, புகை குறைவு, சூடு அதிகம். பெருவிரல் நகம் அளவுக்கு உடைத்துச் சலியுங்கள். தூளோடு போட்டால் காற்று விட்டதும் பொறியாகப் பறந்து கூரையைத் தேடும். சிரட்டைக் கரி மெல்லிய ஓடுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறிப்பதும் உண்டு. மரக்கரியைக் கொஞ்சம் கலந்தால் சரியாகிவிடும். கரியை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். ஈரக் கரி முதல் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பட்டடையும் கருவிகளும்

உண்மையான பட்டடைக்கல் விலை கூடியது, தேவையுமில்லை. பதினான்கு அல்லது பதினாறு இறாத்தல் சம்மட்டித் தலை ஒன்றை வாங்கி, மரக்கட்டையில் அதன் பாதி உயரத்துக்குக் குழி செதுக்கி, ஒரு முகம் மேலே பார்க்க நெருக்கமாக இறக்குங்கள். அடிக்கும் முகம் சிறியதாக இருக்கும். ஆனால் சுத்தியல் விழுவதும் ஒரே இடத்தில்தானே.

கட்டைக்கு மா, மருது எதுவும் சரி. பலாதான் வேண்டுமென்று வளவில் நிற்கும் மரத்தைத் தறிக்காதீர்கள். பலா தறிக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். மர ஆலையில் ஒதுக்கிப் போட்ட அடிக்கட்டையைக் கேளுங்கள். புகையிரதத் தண்டவாளத் துண்டு நல்ல பட்டடையாகும் என்பது உண்மை. அது அரச சொத்து என்பதும் உண்மை. எங்கிருந்து வந்தது என்று காட்ட ரசீது இல்லாத துண்டை வாங்க வேண்டாம்.

கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்து நில்லுங்கள். விரல் முட்டி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே பட்டடை முகத்தின் உயரம். உலையிலிருந்து பட்டடைக்கு ஓரடி வைத்துத் திரும்பும் தூரம் போதும். நாலடி நடந்தால் சூடு வழியிலேயே போய்விடும்.

சுத்தியல் இரண்டு இறாத்தல். மூன்று இறாத்தலை முதலில் தூக்கினால் முழங்கை நோகும், குறியும் தப்பும். அதன் முக விளிம்பை அரத்தால் மழித்துவிடுங்கள். கூரான விளிம்பு இரும்பில் பிறை பிறையாகத் தழும்பு போடும். இவற்றோடு ஒரு குறடு, இரும்பு பிரஷ், ஹெக்சோ வாள், அரம், வைஸ். இவ்வளவுதான். மின் கிரைண்டர் இருந்தால் அதன் காப்புத் தகட்டை ஒருபோதும் கழற்றாதீர்கள். மின்சாரம் ட்ரிப் சுவிட்ச் வழியாகவே வரட்டும், ஈரத் தரையில் நின்று பிடிக்க வேண்டாம்.

எந்த இரும்பு, எது வேண்டாம்

கொக்கிக்குப் பத்து மில்லிமீற்றர் சதுரக் கம்பி. ஜன்னல் கிறில் அடிக்கும் இடங்களில் துண்டு துண்டாகக் கிடைக்கும். பூச்சு இல்லாத கறுப்புக் கம்பியாகப் பாருங்கள்.

உலைக்குள் போகக் கூடாதவை இவை. நாகம் பூசிய குழாயும் தகரமும்: நாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து வெண்புகையாகும், சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். குரோம் பூசியவை, பழைய பெயின்ற் அடித்தவை. இரண்டு பக்கமும் அடைத்த எதுவும்: ஷொக் அப்சோபர், மூடிய குழாய், பழைய சிலிண்டர். இவை குண்டுபோல் வெடிக்கும். வாகனத்தில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றவும் நீங்கள் முனைய வேண்டாம். அதற்குள் அடங்கிய விசை முகத்தைப் பெயர்க்கும். கழற்றிக் கிடப்பதை மட்டும் வாங்குங்கள்.

உடுப்பும் தீக்காயமும்

பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, தோல் சப்பாத்து. சாரமும் பாட்டாவும் உலைக்கு ஆகாது. நைலோன், பொலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். சால், துப்பட்டா இருந்தால் கழற்றிவிடுங்கள். வெள்ளைக் கண்ணாடிப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கறுப்புக் கண்ணாடி நிறத்தை மறைக்கும். காதுக்கு அடைப்பான். குறடு பிடிக்கும் கைக்குத் தோல் கையுறை போடலாம். சுத்தியல் கைக்கு வேண்டாம், பிடி வழுக்கும்.

பட்டறையில் கிடக்கும் எல்லா இரும்பும் சூடானது என்றே நினையுங்கள். சிவப்பு மறைந்து கறுத்த இரும்பு நானூறு பாகையில் இருக்கலாம். தொடுமுன் புறங்கையை ஓரங்குலத் தூரத்தில் காட்டிப் பாருங்கள். கை தவறி விழுவதைப் பிடிக்காதீர்கள், காலை எடுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். ஐந்து நிமிடத்தில் எரிவு தணிந்தாலும் எடுக்க வேண்டாம். வீங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். பற்பசை, எண்ணெய், சாம்பல் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கையளவு காயம், முகம், கண், விரல் மடிப்பு என்றால் வைத்தியசாலைதான். 1990 அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி உலர்மணல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தனியாக வேலை செய்தாலும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நெருப்பை வாசித்தல்

சுள்ளியில் மூட்டி, கரி போட்டு, மெல்லக் காற்று விடுங்கள். காற்றுத் துளைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கனல் கட்ட வேண்டும். இரும்பைக் கீழ்நோக்கிக் குத்தாதீர்கள். குத்தினால் நுனி போய் நிற்பது காற்று வாயில். அங்கே எரியாத ஒட்சிசன் இரும்பைத் தின்று செதிலாக்கும். கிடையாக, கனலின் நடு வயிற்றில் செருகி, மேலேயும் கரி மூடுங்கள். கீழே நாலு விரல், மேலே இரண்டு விரல் கரி: இதை மறந்தால் பிறகு சொல்லும் எதுவும் பலிக்காது.

மங்கிய சிவப்பு ஏறத்தாழ 700 பாகை, அடிக்கக் கூடாது. தெளிந்த சிவப்பு 800 முதல் 900 வரை. மெல்லிய வளைவுக்கு மட்டும். செம்மஞ்சள் 1000 பாகையைச் சுற்றி. இங்கே வேலை தொடங்கும். மஞ்சள் 1100 முதல் 1200. மென்னிரும்பு நன்றாக ஓடும் சூடு. அதற்கும் மேல் வெள்ளையாகிப் பொறி சிதறினால் இரும்பே எரிகிறது. எரிந்த பகுதி திரும்ப வராது. வெட்டி எறியுங்கள்.

சூடு போதாவிட்டால் புதியவர் கை உடனே ஊதிக்குப் போகும். முதலில் கரியின் ஆழத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான்.

கொக்கி: படிப்படியாக

1. அறுபது சென்ரிமீற்றர் கம்பியாகவே எடுங்கள். மறுநுனி சூடேறாது, குறடு வேண்டியதில்லை. குறட்டில் வழுக்குவது புதியவருக்குப் பெரிய தொல்லை. முதல் நாள் அதை ஒதுக்கிவிடலாம்.

2. நுனியிலிருந்து ஆறு சென்ரிமீற்றரை மஞ்சள் வரை காய்ச்சுங்கள்.

3. பட்டடையின் தூர விளிம்பில் நுனியை வைத்து, கம்பியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி அடியுங்கள். ஓரிரு அடி, கால் திருப்பு, ஓரிரு அடி. சதுரம் சதுரமாகவே கூராக வேண்டும். நுனியை முதலில் கூராக்கிப் பிறகு பின்னோக்கி வாருங்கள்.

4. சிவப்பு மங்கியதும் நிறுத்துங்கள். மறுபடி காய்ச்சுங்கள். பத்து சென்ரிமீற்றர் கூர் வரும்வரை இதே சுற்று.

5. உருண்டை வேண்டுமென்றால் சதுரத்தின் நாலு முனைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, பிறகு மெல்லத் தட்டி உருட்டுங்கள். சதுரத்திலிருந்து நேரே உருண்டைக்குத் தாவினால் நுனி பிளக்கும்.

6. நுனியின் ஒரு சென்ரிமீற்றரைச் செம்மஞ்சளாக்கி, பட்டடை விளிம்புக்கு வெளியே நீட்டி மெல்லக் கீழ்நோக்கித் தட்டுங்கள். பிறகு கம்பியைப் புரட்டி, நுனியை உள்நோக்கிச் சுருட்டுங்கள். உடுப்பைக் கிழிக்காத சின்னச் சுருள்.

7. கூர் முழுவதையும் காய்ச்சி, வைஸில் பிடித்த ஒன்றரை அங்குலக் குழாயின்மேல் சுருளுக்கு எதிர்ப்பக்கமாக வளையுங்கள். இங்கே பலம் வேண்டாம்.

8. ஆறவிட்டு, வளைவின் உச்சியிலிருந்து பன்னிரண்டு சென்ரிமீற்றர் அளந்து ஹெக்சோவால் அறுங்கள்.

9. இனிக் குறடு. அறுத்த நுனியின் மூன்று சென்ரிமீற்றரை மஞ்சளாக்கிப் பட்டையாக அடியுங்கள். நாலு மில்லிமீற்றர் தடிப்பில் நிறுத்துங்கள்.

10. முழுதும் ஆறியபின் ஆணித் துளையைத் துளைக் கருவியால் போடுங்கள். சூட்டில் துளைப்பது அழகான வித்தைதான், இன்றைக்கு வேண்டாம்.

11. இரும்பு பிரஷால் செதில் நீக்கி, தொட முடியாத ஆனால் நிறம் மாறாத சூட்டில் தேன்மெழுகைத் தேயுங்கள். நம்மூர் ஈரத்தில் பூச்சில்லாத இரும்பு ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் உலராது, பிசுக்குப் பிடித்துத் தூசி சேரும். லின்சீட் எண்ணெய் நன்றாக உலரும். ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

கொக்கியின் கூரில் மீன்வாய்போல் பிளவு கண்டால் காரணம் ஒன்றே: ஆறிய இரும்பை அடித்திருக்கிறீர்கள், மேல்தோல் ஓடியது, உள்ளே ஓடவில்லை. பிளவை அடித்து மூடாதீர்கள், உள்ளே மறைந்திருந்து பிறகு விடும். அறுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கம்பி சாய்சதுரமாகச் சரிந்தால், முழுக் கால் திருப்பு திருப்பவில்லை என்று பொருள். இதைச் செம்மஞ்சள் சூட்டில், நீண்ட மூலைகளில் தட்டி மீட்கலாம்.

இந்தக் கட்டத்தில் ஊரில் மண்வெட்டி, கத்தி தட்டும் கொல்லுப்பட்டறை எங்காவது இருந்தால் ஒரு காலை போய் உட்காருங்கள். சம்மட்டி இறங்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். தேநீர் நேரத்தில் கேளுங்கள். பிலிமத்தலாவையிலும் நத்தரம்பொத்தை கலாபுரவிலும் உலோகக் கலைஞர்களைப் பார்க்கலாம். அங்கே பித்தளையும் வெள்ளியும்தான் அதிகம், இரும்பு வேலை வேறு. ஆனால் சுத்தியலை எவ்வளவு குறைவாக உயர்த்துகிறார்கள் என்பதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

ஸ்பிரிங்கில் ஒரு வெட்டிரும்பு

வாகனச் சுருள் ஸ்பிரிங்கில் தடித்த துண்டொன்றை அறுத்து, செம்மஞ்சளில் நிமிர்த்தி, நுனியை இரண்டு பக்கமும் சரித்து அடியுங்கள். இது மென்னிரும்பல்ல, கரியச் சத்து அதிகம். மஞ்சளைத் தாண்டவிடாதீர்கள், சிவப்பு மங்கியபின் அடிக்காதீர்கள், சூடாகத் தண்ணீரில் போடாதீர்கள், வெடித்துவிடும்.

1. அடித்து முடித்ததும் தெளிந்த சிவப்புக்குக் காய்ச்சிக் காற்றில் கறுக்கவிடுங்கள். மூன்று முறை. அடியில் ஏறிய இறுக்கம் தளரும்.

2. கூர்ப்பக்கத்து நாலு சென்ரிமீற்றரை மெல்லக் காய்ச்சி, அடிக்கடி காந்தம் காட்டுங்கள். காந்தம் பிடிக்காமல் போனதும் இன்னும் ஒரு சாயல் ஏற்றுங்கள்.

3. முன்னமே கைபொறுக்கும் சூட்டில் வைத்த சமையல் எண்ணெயில் கூரை நேராக இறக்கி, மேலும் கீழும் அசையுங்கள். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும், மூடி பக்கத்தில் இருக்கட்டும். தீப்பற்றினால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. பழைய என்ஜின் எண்ணெயின் புகை நஞ்சு, வேண்டாம்.

4. அரத்தால் உராய்ந்து பாருங்கள். வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. இப்போது அது கண்ணாடிபோல் உடையும், அடிக்கக் கூடாது.

5. கூரை எமரிக் கடதாசியால் பளபளப்பாக்கி, நடுத்தண்டை மெல்லக் காய்ச்சுங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் கூரை நோக்கி நகரும். ஊதா, அதாவது ஏறத்தாழ 280 பாகை, கூரைத் தொட்டதும் தண்ணீரில் தோயுங்கள். நீலம் கடந்துவிட்டால் மென்மையாகிவிட்டது. இரண்டாம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.

சுத்தியல் விழும் தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சல் கொடுக்கவே கூடாது. கடினமான தலையில் அடித்தால் சில்லுத் தெறிக்கும். நாளடைவில் தலை காளான்போல் விரிந்தால் அந்த ஓரத்தை உடனே அரைத்துவிடுங்கள்.

உலையை அணைத்தல்

ஊதியை நிறுத்தியதும் சாம்பல் மூடியைத் திறவுங்கள். இல்லாவிட்டால் கனலின் வாயு காற்றுக் குழாயில் தேங்கி, அடுத்த முறை ஊதும்போது டப்பென்று வெடிக்கும். கனலைக் குறட்டால் பிரித்துப் பரப்பி ஆறவிடுங்கள். அவசரமென்றால் இரும்பு வாளியில் அள்ளி இறுக்கி மூடுங்கள். மிஞ்சிய கரி நாளைக்கு உதவும். உலைக்குள் தண்ணீர் ஊற்றினால் பூச்சு வெடிக்கும். சாம்பலை அன்றைக்கே குப்பைப் பையில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கூரையின் உட்புறம், தரை, கட்டையின் அடி மூன்றையும் பாருங்கள். மரக்கட்டையின் குழிக்குள் விழுந்த செதில் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றி மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீர் விடுங்கள்.